பைத்தானில் இரண்டு லிஸ்ட்களை ஒப்பிட்டு வித்தியாசம் எடுப்பது: கொஞ்சம் நீளமான பதில்

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் படிக்கவும் வசதியாக இருக்கும். உங்களிடம் பைத்தான் என்ற நிரல்மொழியில் இரண்டு லிஸ்ட் (பட்டியல்) இருக்கிறது. ஒன்றில் சங்க உறுப்பினர்களின் பெயர்கள், சுமார் 30,000. இன்னொன்றில் இந்த வருடம் சந்தா கட்டியவர்களின் பெயர்கள், ரசீது ஃபைலில் இருந்து எடுத்தது, அதுவும் ஏறக்குறைய அதே அளவு. இதுவரை கட்டாதவர்கள் யார் என்று வேண்டும். லூப்புக்குள் லூப் (ஒவ்வொரு பெயராக எடுத்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது) போட்டீர்கள், முடியவே மாட்டேன் என்கிறது. யாரோ செட்டுக்கு (ஒரே மதிப்பை ஒரு தடவை மட்டும் வைத்துக்கொள்ளும் தொகுப்பு) மாற்றச் சொன்னார்கள், மாற்றியதும் நொடியில் முடிகிறது, ஆனால் எண்ணிக்கை இடிக்கிறது. அதைவிட மோசம், பணம் கட்டி ரசீது வாங்கியவர்களில் சிலரே கட்டாதவர் பட்டியலில் வந்து நிற்கிறார்கள்.

இவை மூன்றும் தனித்தனிக் கோளாறுகள், ஒரே மருந்தில் தீராது. வேகம் பத்து நிமிட வேலை. எண்ணிக்கை கொஞ்சம் யோசிக்க வைக்கும். மூன்றாவது, அதாவது இல்லாத வித்தியாசத்தை நிரல் இருப்பதாகக் காட்டுவது, அதில்தான் உங்கள் நேரம் முழுக்கப் போகப்போகிறது, அதனால் நானும் அங்கேதான் அதிகம் எழுதியிருக்கிறேன். (ஃபங்ஷன் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், நிரலில் ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.)

சரி, வேகம். ஒரு லிஸ்டில் ஒரு பெயர் இருக்கிறதா என்று "இன்" என்ற சொல்லால் கேட்டால் பைத்தான் முதல் பெயரில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும். கிடைத்தால் நிற்கும், இல்லாத பெயர் என்றால் கடைசி வரை போய்விட்டுத்தான் "இல்லை" என்று சொல்லும். 30,000 பெயரை 30,000 பெயரில் இப்படித் தேடினால் மோசமான பட்சத்தில் 90 கோடி ஒப்பீடு. நீங்கள் கையால் எழுதிய உள்லூப்புக்குப் பதிலாக "இன்" போட்டாலும் இதே கணக்குதான், உள்ளே சி மொழியில் ஓடுவதால் கொஞ்சம் சீக்கிரம் முடியும், அவ்வளவே.

செட் வேறு மாதிரி வேலை செய்கிறது. ஒவ்வொரு பெயரில் இருந்தும் ஹேஷ் என்று ஒரு எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் இடத்தில் வைக்கிறது. தேடும்போதும் அதே எண்ணைக் கணக்கிட்டு நேராக அந்த இடத்துக்கே போய்ப் பார்க்கிறது. செட்டில் நூறு பெயர் இருந்தாலும் லட்சம் பெயர் இருந்தாலும் சராசரியாக ஒரு தேடலுக்கு ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதற்காக இரண்டு லிஸ்டையும் செட்டாக்க வேண்டியதில்லை என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. எதில் தேடுகிறீர்களோ அதை மட்டும் செட்டாக்கினால் போதும். கட்டியவர் லிஸ்டை ஒரு தடவை செட்டாக்கி ஒரு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் லிஸ்ட் லிஸ்டாகவே இருக்கட்டும், அதன்மேல் ஒரு லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் (நிபந்தனைப்படி புது லிஸ்ட் எடுக்கும் ஒரு வரி நிரல்) ஓட்டி, அந்த செட்டில் இல்லாத பெயர்களை மட்டும் எடுங்கள். உறுப்பினர் லிஸ்டின் வரிசை மாறாது, அதில் இரண்டு தடவை வரும் பெயரும் இரண்டு தடவையே வரும். உங்கள் எண்ணிக்கைச் சிக்கலில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். ஒன்றே ஒன்று, செட்டாக்கும் வரியைக் காம்ப்ரிஹென்ஷனின் நிபந்தனைக்குள்ளேயே எழுதிவிடாதீர்கள். பார்க்க அழகாக ஒரே வரியில் இருக்கும், ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் அந்த செட் புதிதாகக் கட்டப்படும், பழைய லூப்பே தேவலாம் என்று ஆகிவிடும். அதேபோல லிஸ்டின்மேல் லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ரிமூவ் செய்வதும் கூடாது. ஒன்றை நீக்கியதும் பின்னால் இருப்பவை ஓர் இடம் முன்னால் நகரும், லூப் அடுத்த இடத்துக்குப் போகும், நடுவில் ஒருவர் சத்தமில்லாமல் தப்பித்துவிடுவார்.

இரண்டையும் செட்டாக்கிக் கழிக்கும் வழியும் நல்லதுதான். செட்(உறுப்பினர்) - செட்(கட்டியவர்) என்றால் முடிந்தது. செட் இந்த மொழியில் ஆரம்பம் முதலே இருந்ததில்லை, 2003இல் வந்த 2.3 பதிப்பில் தனி மாட்யூலாக (வேண்டும்போது சேர்த்துக்கொள்ளும் நிரல்தொகுப்பு) வந்து, 2004இல் 2.4இல் மொழிக்குள்ளேயே சேர்ந்துகொண்டது. கழித்தலுக்குத் திசை உண்டு, முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாதவை மட்டும்தான் வரும். இரண்டு பக்கமும் ஒரே அடியில் வேண்டுமென்றால் ^ குறி இருக்கிறது, ஆனால் எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்பது அதில் தெரியாது. அதனால் நான் அதை அநேகமாகத் தொடுவதில்லை, இரண்டு கழித்தலாக எழுதிவிடுவேன். இன்னொன்று, கழித்தல் குறி போட்டால் இரு பக்கமும் செட்டாக இருந்தே ஆகவேண்டும், டிஃபரன்ஸ் என்ற மெத்தடை (பொருளோடு சேர்ந்து வரும் ஃபங்ஷன்) அழைத்தால் எதிர்ப்பக்கம் லிஸ்டாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும்.

செட்டுக்கு வரிசை கிடையாது. நேற்று ஓட்டியபோது ஒரு வரிசையில் வந்த பெயர்கள் இன்று வேறு வரிசையில் வருகிறதே என்று குழம்பவேண்டாம். 3.3 பதிப்பில் இருந்து ஒவ்வொரு தடவை நிரலைத் தொடங்கும்போதும் எழுத்துச் சரங்களுக்கான ஹேஷ் கணக்கில் ஒரு தற்செயல் எண்ணைக் கலந்துவிடுகிறார்கள். ஒரே இடத்தில் போய் மோதும்படி வேண்டுமென்றே தயாரித்த சரங்களை அனுப்பி சர்வரைத் திணறடிக்கும் தாக்குதலைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆகவே செட்டில் இருந்து எடுத்ததை வெளியே எழுதும்போது சார்ட்டட் போட்டு வரிசைப்படுத்தி எழுதுங்கள், இல்லையென்றால் நேற்றைய ஃபைலையும் இன்றைய ஃபைலையும் ஒப்பிடுவதே தனித் தலைவலி. வரிசை கெடாமல் இரட்டிப்பை மட்டும் நீக்கவேண்டுமென்றால் டிக்ஷனரியின் (கீ என்ற ஒவ்வொரு அடையாளத்துக்கும் வேல்யூ என்று ஒரு மதிப்பை வைக்கும் தொகுப்பு) ஃப்ரம்கீஸ் போதும். டிக்ஷனரி போட்ட வரிசையை மறக்காது என்பது 3.7இல் இருந்து மொழியின் உத்தரவாதம்.

அடுத்தது எண்ணிக்கை. உறுப்பினர் 30,000, கட்டியவர் 26,000 என்றால் கட்டாதவர் 4,000 வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள், செட் அப்படித் தராது. காரணம் இரண்டு இருக்கலாம். ஒருவரே இரண்டு தவணையாகக் கட்டி ரசீது இரண்டு தடவை வந்திருக்கும். அல்லது முருகன் என்ற பெயரில் இரண்டு உறுப்பினர்கள் இருப்பார்கள். செட்டைப் பொறுத்தவரை எத்தனை முருகன் இருந்தாலும் ஒரு முருகன்தான். அதில் ஒரு முருகன் கட்டிவிட்டால் இன்னொரு முருகனும் கட்டியதாகவே ஆகிவிடும், மேலே நான் சொன்ன பாதி செட், பாதி லிஸ்ட் வழியிலும் இந்த ஓட்டை அப்படியேதான் இருக்கிறது.

எத்தனை தடவை என்பது முக்கியமென்றால் கலெக்ஷன்ஸ் மாட்யூலில் உள்ள கவுண்டரை எடுங்கள். ஒவ்வொரு பெயரும் எத்தனை தடவை என்று எண்ணிவைக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கலாம். முருகன் அங்கே 2, இங்கே 1 என்றால் மிச்சம் 1 என்று சரியாகச் சொல்லும். கழித்தல் குறி போட்டால் பூஜ்யத்துக்குக் கீழே போகும் எண்ணிக்கைகளைக் கவுண்டர் கொட்டிவிடும். அதிகப்படியாக ரசீது வந்த பெயர்களும் மைனஸில் தெரியவேண்டும் என்றால் சப்ட்ராக்ட் மெத்தட், ஆனால் அது புதிதாக எதையும் திருப்பித் தராது, முதல் கவுண்டரையே மாற்றிவிடும். நகல் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், உங்கள் விஷயத்தில் கவுண்டரும் ஒட்டுத்தையல்தான். எந்த முருகன் கட்டவில்லை என்று அதற்குத் தெரியாது. பெயரை வைத்து ஆளை ஒப்பிடுவதே தவறு, உறுப்பினர் எண் என்று ஒன்று இருந்தால் அதை வைத்துத்தான் ஒப்பிடவேண்டும். ரசீதில் உறுப்பினர் எண் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், பெரும்பாலும் இருக்கும், பெயர் கண்ணுக்குத் தெரிவதால் அதையே எடுத்துக்கொள்கிறோம். இருந்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு டிக்ஷனரி கட்டுங்கள், எண் கீ, மற்ற விவரமெல்லாம் வேல்யூ. டிக்ஷனரியின் கீஸ் மெத்தட் தருவது செட்டைப் போலவே நடந்துகொள்ளும், நேராகக் கழிக்கலாம், & போட்டுப் பொதுவானதை எடுக்கலாம். அப்போது மூன்று விடை கிடைக்கும்: இங்கே மட்டும் உள்ளவை, அங்கே மட்டும் உள்ளவை, இரண்டிலும் இருந்தும் உள்ளே ஏதோ விவரம் மாறியவை. நிஜ வேலையில் "வித்தியாசம் வேண்டும்" என்று ஒருவர் கேட்டால் பத்தில் எட்டுத் தடவை அவருக்கு வேண்டியது இந்த மூன்றும் சேர்ந்துதான்.

டிக்ஷனரி கட்டும்போது ஒரே கீ இரண்டாம் தடவை வந்தால் முதலாவதன்மேல் எழுதிவிட்டுப் போய்விடும், பிழை எதுவும் சொல்லாது. கட்டி முடித்ததும் டிக்ஷனரியின் நீளமும் லிஸ்டின் நீளமும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டு தவணை கட்டியவர்கள் இருப்பதால் ரசீது பக்கம் நிச்சயம் இடிக்கும், அங்கே வேல்யூவை ஒரு லிஸ்டாக வைத்து எல்லா ரசீதையும் அதில் சேர்த்துக்கொண்டே போங்கள்.

இனி மூன்றாவது. ரசீதில் உறுப்பினர் எண் இல்லவே இல்லை, பெயரைத்தான் ஒப்பிட்டாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திரையில் இரண்டு பக்கமும் ஒரே பெயர் தெரிகிறது, பைத்தான் வேறு வேறு என்கிறது. யார் சரி? பைத்தான்தான் சரி. அது பார்ப்பது எழுத்தின் உருவத்தை அல்ல, பின்னால் இருக்கும் எண்களை. அந்த எண்களை நீங்களும் பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். ஆர்ட் (ஓ, ஆர், டி) என்று ஒரு குட்டி ஃபங்ஷன் இருக்கிறது, ஓர் எழுத்துக்குறியைக் கொடுத்தால் அதன் யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் தரநிலை) எண்ணைச் சொல்லும். சந்தேகமான பெயரை எழுத்து எழுத்தாக அதற்குக் கொடுத்து எண்களை ஒரு லிஸ்டாக அச்சிடுங்கள். ஆங்கிலப் பெயர்களுக்கு ரெப்ர் என்ற ஃபங்ஷனைப் போட்டு அச்சிட்டாலே கொஞ்சம் தெரிந்துவிடும். தமிழுக்கு அது உதவாது, எழுத்தை எழுத்தாகவே காட்டிவிடும்.

அப்படி அச்சிட்டால் கண்ணில் படும் முதல் குற்றவாளி வெற்றிடம். பெயரின் முன்னால், பின்னால் ஸ்பேஸ், ஃபைலில் இருந்து படித்த வரியின் முடிவில் வரிமுறிவுக் குறி, இவற்றை ஸ்ட்ரிப் பார்த்துக்கொள்ளும். வலைப்பக்கத்தில் இருந்தோ எக்செலில் இருந்தோ வந்த 160 என்ற உடையா வெற்றிடத்தையும் அது ஓரங்களில் இருந்து எடுத்துவிடும். ஆனால் 8203 என்று ஓர் ஆள் இருக்கிறான், அகலமே இல்லாத ஸ்பேஸ், கண்ணுக்கும் தெரியாது, ஸ்ட்ரிப்புக்கும் சிக்காது, ரிப்ளேஸ் போட்டுத்தான் துரத்தவேண்டும். ஃபைலின் முதல் பெயர் மட்டும் எப்போதும் பொருந்தவில்லை என்றால் அநேகமாக 65279, விண்டோஸில் யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும்போது சில சமயம் ஃபைலின் தலையில் ஒட்டிக்கொள்ளும் குறி. ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் அது தானாகப் போய்விடும்.

பெயரின் நடுவில் ஒரு பக்கம் ஒரு ஸ்பேஸ், இன்னொரு பக்கம் இரண்டு ஸ்பேஸ் என்றால், ஸ்ப்ளிட் போட்டு உடைத்து ஒற்றை ஸ்பேஸில் மறுபடி ஜாயின் செய்துவிடுங்கள். ஆங்கிலப் பெயர்களுக்குச் சிறிய, பெரிய எழுத்துத் தகராறு தீர கேஸ்ஃபோல்ட், தமிழில் அந்தத் தொல்லை இல்லை.

தமிழில் வேறு தொல்லை இருக்கிறது. "கொ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். க (2965), அப்புறம் ஒகரக் குறி முழுசாக ஒரே எண்ணாக (3018). அல்லது க, அப்புறம் ஒற்றைக் கொம்பு (3014), அப்புறம் கால் (3006). திரையில் துளி வித்தியாசம் தெரியாது, ஆனால் ஒன்றின் நீளம் 2, இன்னொன்றின் நீளம் 3. பைத்தானின் == இதைப் பொய் என்றுதான் சொல்லும், செட்டிலும் இரண்டு தனித்தனி ஆளாகத்தான் உட்காரும். ஒரு பட்டியலை ஒரு கீபோர்டில் அடித்து, இன்னொன்றைப் பழைய ஃபாண்டில் இருந்து மாற்றியிருந்தால் பொன்னம்மா, கோபால், சொக்கலிங்கம் எல்லோரும் கட்டாதவர் பட்டியலில் வந்துவிடுவார்கள். உங்கள் தவறான பெயர்களில் ஒ, ஓ வரிசை எழுத்து உள்ள பெயர்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நோய் இதுதான். யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்று இருக்கிறது, அதற்கு என்எஃப்சி என்று சொல்லி இரண்டு பக்கப் பெயரையும் அதன் வழியே அனுப்பிவிட்டால் பிரிந்து கிடப்பவை ஒன்றாகிவிடும்.

என்எஃப்சி எல்லாவற்றையும் சரிசெய்யாது. "கௌரி"யில் வரும் ஔகாரக் குறி 3020 என்ற ஒரே எண். பலர் அதைக் கொம்பு போட்டு ள என்ற எழுத்தை அடித்து எழுதுகிறார்கள், அதாவது 3014, 2995. ள என்பது முழு மெய்யெழுத்து, அது குறியின் பாகம் இல்லை, அதனால் நார்மலைஸ் அதைத் தொடாது. நீங்களே மாற்றவேண்டும். ஆனால் கொம்பு, ள ஜோடியைக் கண்ட இடத்திலெல்லாம் ஔகாரமாக்கினால் வெள்ளையன் கெட்டுப்போவார். ள-வுக்குப் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் தொடாதீர்கள், இல்லாத இடத்தில் மட்டும் மாற்றுங்கள், மாற்றியதையெல்லாம் தனியாக ஒரு ஃபைலில் எழுதி ஒரு பார்வை பாருங்கள்.

"ஸ்ரீ" இன்னொரு தொல்லை. இதை ஸ (3000) வைத்தும் எழுதலாம், ஶ (2998) வைத்தும் எழுதலாம். ஶ யூனிகோடில் சேர்ந்தது 2005இல், 4.1 பதிப்பில். அதற்கு முன்பு அடித்ததெல்லாம் ஸ வைத்துத்தான், பின்பும் பாதிப் பேர் அப்படித்தான் அடிக்கிறார்கள். பல ஃபாண்ட்களில் இரண்டும் அச்சாக ஒரே உருவம். ஸ்ரீதர், ஸ்ரீவித்யா, ஜெயஸ்ரீ என்று எத்தனை பெயர் இருக்கும் யோசியுங்கள். இதற்கும் ஒரு ரிப்ளேஸ் எழுதி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், எந்த வடிவம் என்பது உங்கள் இஷ்டம், இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும்.

இதையெல்லாம் ஒரே ஃபங்ஷனில் எழுதுங்கள், பெயர் உள்ளே போய்ச் சுத்தமான பெயர் வெளியே வரவேண்டும். அந்தச் சுத்தமான பெயரை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். விடையாகக் காட்டும்போது அசல் பெயரையே காட்டுங்கள், இல்லையென்றால் அந்த ஆளை ஃபைலில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. சுத்தப் பெயர் கீ, அசல் பெயர்களின் லிஸ்ட் வேல்யூ என்று டிக்ஷனரி வைத்தால் தானாகவே அப்படி அமையும்.

மு. செல்வம், செல்வம் மு, எம். செல்வம் போன்ற தகராறுகளை எந்த நார்மலைசும் தீர்க்காது. டிஃப்லிப் மாட்யூலில் கெட்-குளோஸ்-மேட்சஸ் என்று ஒன்று உண்டு, ஒரு பெயரைக் கொடுத்தால் கிட்டத்தட்ட அதைப் போன்ற மூன்று பெயர் வரை தரும், 0.6 ஒற்றுமைக்கு மேல் இருந்தால் போதும் என்பது அதன் இயல்பான அளவுகோல். தமிழுக்கு 0.6 ரொம்பத் தாராளம். செல்வி, செல்வம் இரண்டையும் எடுங்கள். குறி குறியாக எண்ணினால் செல்வி 6, செல்வம் 7, முதல் ஐந்தும் பொது. ஒற்றுமைக் கணக்கு 10ஐ 13ஆல் வகுத்து 0.77. இருவரும் ஒரே ஆள் என்றால் செல்வியும் செல்வமும் ஒப்புக்கொள்வார்களா? இதை மனிதர் உட்கார்ந்து பார்ப்பதற்கான யோசனைப் பட்டியலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இதன் பேச்சைக் கேட்டுத் தானாகவே "கட்டிவிட்டார்" என்று குறித்துவிடாதீர்கள். தவிர இது மெதுவானது, முழு லிஸ்டின்மேல் ஓட்டாமல், செட் கழித்தலுக்குப் பின் மிஞ்சிய பெயர்களின்மேல் மட்டும் ஓட்டுங்கள்.

எண்களை ஒப்பிடுபவர்களுக்கு வேறு கண்ணிவெடிகள். ரசீதில் 0417 என்று இருந்த எண்ணை எக்செல் திறந்ததும் 417 ஆக்கியிருக்கும். சரமாக இருக்கும் '417'ம் எண்ணாக இருக்கும் 417ம் பைத்தானுக்குச் சமமில்லை, ஆனால் 1, 1.0, ட்ரூ (உண்மை என்ற மதிப்பு) மூன்றும் சமம், மூன்றையும் ஒரு செட்டில் போட்டால் ஒன்றுதான் மிஞ்சும். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் வருவது 0.3க்குச் சமமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, ஆகவே பணத்தை ஃப்ளோட்டாக (புள்ளி வைத்த எண்ணாக) வைத்து ஒப்பிடாதீர்கள், பைசாவாக முழு எண்ணில் வையுங்கள் அல்லது புள்ளி எண்ணைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் எடுங்கள். "கிட்டத்தட்ட சமம்" என்று பார்க்க மேத் மாட்யூலில் இஸ்குளோஸ் உண்டு, ஆனால் செட்டுக்குள் அதைப் புகுத்த வழியில்லை, ஹேஷுக்குக் கிட்டத்தட்ட என்று ஒன்று தெரியாது.

உங்கள் லிஸ்டுக்குள் சரங்களுக்குப் பதில் வரிசை வரிசையாகக் குட்டி லிஸ்ட்களோ டிக்ஷனரிகளோ இருந்தால், செட்டாக்கும்போதே அன்ஹேஷபிள் டைப் என்று டைப்எரர் வரும். மாற்றக்கூடிய பொருளுக்கு ஹேஷ் கிடையாது, உள்ளே வைத்தபின் மாற்றிவிட்டால் இடம் தப்பிப்போகும் என்பதால். குட்டி லிஸ்டை டியூப்பிளாக்குங்கள் (டியூப்பிள் என்பது மாற்றமுடியாத லிஸ்ட் மாதிரி). டிக்ஷனரி என்றால் அதன் ஐட்டம்ஸை வரிசைப்படுத்தி டியூப்பிளாக்கலாம், உள்ளே மறுபடி லிஸ்ட் இருந்தால் அதுவும் இடறும். சொந்தமாக கிளாஸ் (புது வகைப் பொருளுக்கான வரையறை) எழுதி அதில் சமம் என்பதற்கான மெத்தடை மட்டும் எழுதினீர்கள் என்றால் ஹேஷ் போய்விடும், டேட்டாகிளாஸ் போட்டு ஃப்ரோஸன் (மாற்றமுடியாதது) என்று அறிவிப்பது சுலபம்.

இதுவரை சொன்னது எதிலும் வரிசைக்கு மதிப்பில்லை. வரிசையே முக்கியமாக இருக்கும் லிஸ்ட்களும் உண்டு, ஒரு ஃபைலின் வரிகள், பேருந்து நிறுத்தங்கள், ஒரு சமையல் செய்முறையின் படிகள் மாதிரி. அங்கே செட் உதவாது. இடத்துக்கு இடம் ஒப்பிட ஸிப் போடுவார்கள், அது குட்டையான லிஸ்டோடு நின்றுவிடும், நீளமானதின் வால் ஒப்பிடப்படாமலே போகும். 3.10இல் இருந்து ஸ்ட்ரிக்ட் என்று கொடுத்தால் நீளம் பொருந்தாதபோது பிழை எழுப்பும், அல்லது இட்டர்டூல்ஸில் உள்ள ஸிப்-லாங்கஸ்ட், அது நீளமானது முடியும்வரை போகும்.

ஆனால் இரண்டாவது லிஸ்டின் தலையில் ஒன்று புதிதாகச் சேர்ந்தால் எல்லாமே ஓர் இடம் தள்ளிப்போய், இடத்துக்கு இடம் ஒப்பீடு "எல்லாமே மாறிவிட்டது" என்று சொல்லும். இந்தக் கணக்குக்குத்தான் டிஃப் வகை நிரல்கள், இரண்டு ஃபைலுக்கு இடையில் மாறியதைக் காட்டுபவை. 1970களில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக டக்ளஸ் மெக்கில்ராய் எழுதிய டிஃப் அதன் மூதாதை. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்ற கருவி இன்று இயல்பாக ஓட்டுவது யூஜின் மையர்ஸ் 1986இல் வெளியிட்ட முறையின் வழிவந்தது. பைத்தானில் டிஃப்லிப், 2001இல் 2.1 பதிப்போடு வந்தது, டிம் பீட்டர்ஸ் எழுதியது. அதில் உள்ள சீக்வென்ஸ்மேட்சர், இந்த இடத்தில் இது நீக்கப்பட்டது, இங்கே இது நுழைந்தது, இங்கே இது அதுவாக மாறியது என்று படிப்படியாகச் சொல்லும். மிகக் குறைந்த மாற்றங்களைக் கண்டுபிடிப்பது அதன் நோக்கமில்லை, மனிதர் பார்த்து "ஆமாம், இதுதான் மாறியிருக்கிறது" என்று சொல்லும்படியான விடை தருவதே நோக்கம். ஒரு விஷயம் தெரியாமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: இரண்டாவது லிஸ்டில் 200 உறுப்போ அதற்கு மேலோ இருந்து, அதில் ஏதோ ஒன்று ஒரு சதவீதத்துக்கும் அதிகமாகத் திரும்பத் திரும்ப வந்தால், அதைக் குப்பை என்று தள்ளிவிட்டுப் பொருத்தம் தேடும். விடை விநோதமாக வந்தால் ஆட்டோஜங்க் என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

கோடிக்கணக்கில் வரிகள், மெமரி போதாது என்றால் இரண்டு ஃபைலையும் முதலில் வரிசைப்படுத்திவிட்டு, இரண்டிலும் ஒவ்வொரு விரல் வைத்து, சிறியது எந்தப் பக்கமோ அந்த விரலை நகர்த்திக்கொண்டே போகலாம். லினக்ஸில் காம் என்ற கட்டளை செய்வது இதைத்தான், இரண்டு ஃபைலும் ஒரே விதியில் வரிசையாகி இருக்கவேண்டும், அவ்வளவே நிபந்தனை. பாண்டாஸ் (அட்டவணைத் தரவுக்கான பைத்தான் நூலகம்) ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள் என்றால் மெர்ஜில் அவுட்டர் சேர்க்கையோடு இண்டிகேட்டரையும் ட்ரூ ஆக்குங்கள், ஒவ்வொரு வரியும் இடது பக்கம் மட்டுமா, வலது பக்கம் மட்டுமா, இரண்டிலுமா என்று ஒரு பத்தியே சேர்த்துக் கொடுக்கும். 30,000 பெயருக்காக மட்டும் பாண்டாஸை நிறுவவேண்டாம் என்பது என் கருத்து.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். கட்டாதவர் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், எதிர்த்திசைக் கழித்தலையும் எடுங்கள், ரசீதில் இருக்கிறார் ஆனால் உறுப்பினர் பட்டியலில் இல்லை என்று வருபவர்கள். நியாயமாக அது காலியாக இருக்கவேண்டும், உறுப்பினர் அல்லாதவர் ஏன் சந்தா கட்டப்போகிறார்? அதில் வந்து நிற்கும் ஒவ்வொரு பெயருக்கும் கட்டாதவர் பட்டியலில் ஒரு ஜோடி இருக்கும். ஒரு ஜோடியைக் கையால் தேடி எடுத்து, இரண்டையும் ஆர்ட் போட்டு எண்களாக அச்சிட்டு, எந்த இடத்தில் விலகுகிறது என்று பாருங்கள். அந்த ஒரு விலகலுக்கான வரியைச் சுத்தம் செய்யும் ஃபங்ஷனில் சேர்த்து மறுபடி ஓட்டினால் அதே நோய் உள்ள மற்ற பெயர்களும் கூடவே காணாமல் போகும். அப்புறம் மிஞ்சியதில் அடுத்த ஜோடி. எதிர்ப்பட்டியலில் முதலெழுத்துத் தகராறும் எழுத்துப்பிழையும் மட்டும் மிஞ்சும்வரை இப்படியே போங்கள், அந்தக் கொஞ்சப் பெயர்களை மட்டும் கெட்-குளோஸ்-மேட்சஸிடம் 0.8 அளவில் கொடுத்து, அது தரும் ஜோடிகளை உறுப்பினர்களைத் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். இரண்டு முருகன்களில் யார் கட்டினார் என்பதையும் அவரிடமேதான் கேட்கவேண்டும், அதற்கு நிரலில் வழியில்லை.